உள்ளங்காலையும் பாருங்கள்

தோல் புற்றுநோய் பற்றித் தமிழில் வருகிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை வெயிலில் தொடங்கி சன்ஸ்கிரீனில் முடிகின்றன. உச்சி வெயிலில் அலையாதீர்கள், முகத்தில் சன்ஸ்கிரீன் பூசுங்கள், மச்சம் பெரிதானால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பார்கள். இவற்றில் தவறு ஏதுமில்லை. ஆனால் இவையெல்லாம் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய அனுபவத்தை அப்படியே நமக்கும் சொல்கிறார்கள். நம்மிடம் இந்த நோய் பெரும்பாலும் வேறு இடங்களில் தலைகாட்டுகிறது. உள்ளங்காலில் வருகிறது, கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வருகிறது, முப்பது வருஷத்துக்கு முந்தைய தீக்காயத் தழும்பில் வருகிறது. அந்த இடங்களை நாம் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொன்னதும் இல்லை.

வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாருகிறவர்கள், சாலையில் தார் ஊற்றுகிறவர்கள், கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர் வெயிலிலேயே வாழ்கிறார்கள். சித்திரை மாதம் நண்பகலில் சென்னையில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வேறு படிநிலையே கிடையாது. அப்படியிருந்தும் இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ 70 வயதை எட்டுவதற்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மெலனின் என்று எல்லோரும் சொல்வார்கள். அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

நம் மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கின்றன. கறுத்தவர், சிவந்தவர், வெள்ளையர் யாராக இருந்தாலும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமிப் பொதிகளின் அளவிலும் வகையிலும் அவை பரவிக் கிடக்கும் விதத்திலும்தான் வித்தியாசம் இருக்கிறது. ஒவ்வொரு நிறமிச் செல்லும் மெல்லிய கிளைகளை நீட்டி, சுற்றியுள்ள முப்பது நாற்பது தோல் செல்களுக்குத் தன் பொதிகளை விநியோகிக்கிறது. அவற்றை வாங்கிக்கொண்ட செல், வெயில் வரும் பக்கமாகப் பார்த்துத் தன் உட்கருவின் தலைமேல் ஒரு குடை போல அடுக்கிக்கொள்கிறது. உட்கருவுக்குள்தான் டி.என்.ஏ. இருக்கிறது. கறுத்த தோலில் இந்தப் பொதிகள் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை, மேல்தோலின் உச்சி அடுக்கு வரை சிதையாமல் போகிறவை. வெள்ளைத் தோலில் அவை சிறியவை, கொத்துக் கொத்தாகக் கிடப்பவை, பாதி வழியிலேயே சிதைந்துவிடுபவை. 1979இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். சன்ஸ்கிரீனின் காப்பை அளக்கும் எஸ்.பி.எஃப். கணக்கில், கறுப்பினத்தவரின் மேல்தோல் தானாகவே 13 அளவுக்குப் பாதுகாப்புத் தந்தது. வெள்ளையரின் மேல்தோல் தந்தது 3க்குச் சற்று மேல்.

தமிழர்களின் தோல் இந்த இரண்டுக்கும் இடையில் வெவ்வேறு புள்ளிகளில் நிற்கிறது. எஸ்.எல்.சி.24ஏ5 என்றொரு மரபணு இருக்கிறது. 2005இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது நிறத்தைத் தீர்மானிப்பதில் அதற்குள்ள பங்கு தெரியவந்தது. ஐரோப்பியரின் வெளிர் நிறத்துக்குக் காரணமான அதன் ஒரு வடிவம் தென்னிந்தியாவிலும் பரவலாக இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் மாநிறம், தங்கை நல்ல கறுப்பு, அத்தை மகள் வெளுப்பு என்று இருப்பதில் வியப்பில்லை. அதனால் தமிழர் தோல் என்று ஒட்டுமொத்தமாகப் பேச முடியாது. எளிதில் சிவந்து எரிகிற தோல் உள்ளவர் வெயிலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் அந்த வகையில் வருவதில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று உண்டு. இவ்வளவு வேலை செய்கிற நிறமியைத் தேய்த்து அழிக்கத்தான் நம் பெண்களும் இப்போது பையன்களும் காசு செலவழிக்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும், பருவும் மயிரும் முளைக்கும், வெயில் பட்டாலே எரியும். இந்திய அரசு 2018இல் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சிவப்பழகுக்காகப் பல்லாண்டுகள் வெளுப்புக் களிம்பு பூசிய பெண்களுக்கு, பூசிய இடத்திலேயே தோல் புற்று வந்ததாக ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கறுப்பு நிறம் நமக்கு நோயும் இல்லை, குறையும் இல்லை. இந்த வெயிலில் பிழைத்திருக்க உடம்பு பல்லாயிரம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஏற்பாடு அது.

புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் செய்கிற கேடு மிகத் துல்லியமானது. நாம் பேசும் கதிர்களில் பி வகை குறுகிய அலை கொண்டது, ஏ வகை நீண்டது. தரைக்கு வந்து சேர்வதில் நூற்றுக்கு 95 பங்கு ஏ வகை. மிச்சமுள்ள பி வகைதான் நேரடியாகத் தாக்குகிறது. டி.என்.ஏ. ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் அல்லது சைட்டோசின் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. செல் அடுத்த முறை பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் தடுமாறித் தவறான எழுத்தைப் போடுகிறது. தோல் புற்றின் மரபணுக்களைப் படித்தால் இந்தத் தடுமாற்றத்தின் தடம் தெளிவாகத் தெரியும். எந்தப் புற்று வெயிலால் வந்தது, எது வேறு காரணத்தால் வந்தது என்பதை இப்போது அந்தத் தடத்தை வைத்தே சொல்ல முடிகிறது. இது பின்னால் நமக்குப் பயன்படும்.

பிணைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புதிதாக எழுதி ஒட்டுகிற நொதிகள் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன. இந்தப் பழுதுபார்ப்பு நடக்கும் விதத்தை விளக்கியதற்காக 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு துருக்கியில் பிறந்த அஜிஸ் சான்ஜாருக்குக் கிடைத்தது. இந்த ஏற்பாடு இல்லாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர். வியன்னாவில் ஹெப்ரா, கபோசி என்ற மருத்துவர்கள் 1870களில் எழுதிவைத்த இந்நோயின் காரணத்தை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டார். இந்தக் குழந்தைகளுக்குச் சில நிமிட வெயில்கூட ஆகாது. முதல் தோல் புற்று ஒன்பது, பத்து வயதை ஒட்டியே வந்துவிடும். மெலனின் நிறைய இருந்தாலும் காப்பாற்றாது.

தாயும் தந்தையும் ஒரே குறைபாட்டு மரபணுவைச் சுமந்து, இருவரிடமிருந்தும் குழந்தைக்கு அது வந்தால்தான் இந்நோய் உண்டாகும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இருக்கிற நம் ஊர்களில் அப்படி நேர்வதற்கு வாய்ப்பு கூடுதல். பிறவியிலேயே நிறமியில்லாத அல்பினிசமும் இதே வழியில்தான் வருகிறது. வெண்முடி, வெண்தோல், கூசும் கண்களோடு பிறந்த குழந்தையின் பார்வைக் கோளாறைப் பற்றிக் கண் மருத்துவர் சொல்லியிருப்பார். தோலைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வெப்பமண்டல வெயிலில் இவர்களுக்கு இருபது முப்பது வயதிலேயே முகத்திலும் காதிலும் பின்கழுத்திலும் புற்று வரலாம். தான்சானியாவில் இவர்களுக்காகவே உள்ளூரில் சன்ஸ்கிரீன் தயாரித்துக் கொடுக்கிறார்கள். இவர்களுக்கு சன்ஸ்கிரீன், முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி மூன்றும் நடக்கத் தொடங்கும் வயதிலிருந்தே வேண்டும். பள்ளிக்கூடத்தில் உச்சி வெயிலில் விளையாட்டு வகுப்புக்கு நிறுத்தாமல் இருப்பதும் அவர்களுக்கு மருந்துதான்.

வெண்புள்ளி உள்ளவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். வெண்புள்ளித் திட்டில் நிறமி இல்லைதான், வெயிலில் அது எரியவும் செய்யும். ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களுக்கு, நிறமிச் செல்லில் தோன்றும் புற்றான மெலனோமா மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டுகின்றன. நிறமிச் செல்லை அழிக்கிற அதே எதிர்ப்பாற்றல் புற்றாக மாறும் நிறமிச் செல்லையும் விட்டுவைப்பதில்லை போலும்.

இனி சன்ஸ்கிரீன் விஷயம். அது தோல் புற்றைத் தடுக்கும் என்பதற்கு மிக உறுதியான சான்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நாம்பூர் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. 1992இல் அங்கே 1,621 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மறுபாதியினர் அவரவர் விருப்பப்படி இருந்தார்கள். நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு, நாள்தோறும் பூசியவர்களுக்கு வந்த, மேல்தோலின் தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றுகள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தன. மேலும் பத்தாண்டுகள் கவனித்ததில் மெலனோமாவும் ஒரு பக்கம் 22, இன்னொரு பக்கம் 11 என்று பாதியாகியிருந்தது. அடேல் கிரீன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு அறிவியலுக்குப் பெருமை சேர்ப்பது. அதில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்.

கறுத்த தோலில் வெயிலுக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பு உண்டா என்று உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அப்படியொரு தொடர்புக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே 2024இல் வெளியான கூட்டு அறிக்கை மக்களைத் தோல் நிறத்தை வைத்து மூன்றாகப் பிரித்து ஆலோசனை சொல்கிறது. நல்ல கறுப்பு நிறத்தவர் நீண்ட நேரம் வெளியில் இருந்தாலொழிய அன்றாடம் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை என்கிறது. அவர்களுக்கு வைட்டமின் டி போதாமல் போவதுதான் பெரிய கவலை. சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அண்டை வீட்டாரைப் பார்த்து அஞ்சிக் குழந்தைகளை நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்திருக்கத் தேவையில்லை.

அப்படியானால் நமக்கு சன்ஸ்கிரீனே வேண்டாமா? வேண்டும், வேறு காரணங்களுக்காக. முகத்தில் மங்கு உள்ள பெண்களுக்கு அது கட்டாயம் வேண்டும். மங்கைக் கறுக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு இருப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வருகிற சன்ஸ்கிரீன் வெள்ளையாக வருவதைவிட நன்றாக வேலை செய்யும். லூபஸ் நோயாளிகளுக்கு வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை செய்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டும். இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடம்பு முழுவதையும் காட்டுவதும் நல்லது, மறைவிடங்கள் உட்பட. எஸ்.பி.எஃப். 30 என்று புட்டியில் எழுதியிருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைக்கும் கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் அந்த அளவு வரும். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். விலையை நினைத்துச் சிக்கனமாகப் பூசுவதைவிட முழுக்கைச் சட்டையும் தலையில் கட்டும் துண்டும் குடையும் மேலானவை. கூலி வேலை செய்கிற குடும்பத்தின் மேல் மாதாமாதம் ஒரு சன்ஸ்கிரீன் செலவைச் சுமத்துகிற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை.

கறுத்த தோலுக்கு வெயிலால் வராத கேடு கண்ணுக்கு வருகிறது. உப்பளத்தின் வெள்ளைத் தரை வெயிலைக் கீழிருந்தும் கண்ணுக்குள் அடிக்கிறது. விழிவெண்படலத்தில் சதை வளர்வதற்கும் புரை முன்னதாக விழுவதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். உப்பளத் தொழிலாளர்களுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமையாக இருக்க வேண்டும்.

இப்போது உள்ளங்காலுக்கு வருவோம். 1977இல் ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்று எல்லோரும் நினைத்தார்கள். நகத்தை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். அவருடைய ரஸ்தஃபாரி நம்பிக்கை உடல் உறுப்பை வெட்டி எடுப்பதை ஏற்கவில்லை. நகத்தையும் நகப் படுக்கையையும் மட்டும் நீக்கி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். மூன்றாண்டுகள் கழித்து 1980 செப்டம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். நுரையீரல், கல்லீரல், மூளை எங்கும் பரவியிருந்தது. 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தபோது அவருக்கு வயது 36. அடிபட்டதால் புற்று வந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. அடிபட்ட இடம் என்ற நினைப்பு, அது என்னவென்று பார்ப்பதைத் தள்ளிப்போட வைத்தது.

கை, கால் நுனிகளில் வரும் இந்த வகைக்கு ஏக்ரல் மெலனோமா என்று பெயர். 1976இல்தான் இது தனி வகை என்று ரிச்சர்ட் ரீட் பிரித்துக் காட்டினார். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளின்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே இது வருகிறது. எல்லா இனத்தவரிடமும் இதன் வீதம் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளையருக்கு மற்ற மெலனோமாக்கள் ஏராளமாக வருவதால் அவர்களிடம் இதன் பங்கு நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. கறுப்பினத்தவரிடம் மெலனோமாக்களில் 36 விழுக்காடு இந்த வகைதான். ஆசிய வம்சாவளியினரிடம் 18 விழுக்காடு. நோய் அரிதானது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நம்மில் ஒருவருக்கு மெலனோமா வந்தால் அது இங்கே இருக்க வாய்ப்பு மிகுதி. உள்ளங்காலுக்கு வெயிலே படுவதில்லை. இந்தப் புற்றின் மரபணுக்களில் வெயிலின் தடம் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதில் டி.என்.ஏ.வின் பெரிய துண்டுகள் பெருகியும் தொலைந்தும் குழம்பிக் கிடக்கின்றன. நடக்கும்போது எடை அழுந்துகிற குதிகாலிலும் முன்பாதத்திலும் இது கூடுதலாக வருவதை ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். அழுத்தம் அதை எப்படித் தூண்டுகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. எப்படியானாலும் சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி.

எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல கறுப்பு நிறத்தவர் பலருக்கு உள்ளங்காலில் வெளிறிய பழுப்புப் புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். அவை ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். கவனிக்க வேண்டியது புதிதாக வந்த திட்டு, ஓரம் ஒழுங்கில்லாமல் படர்கிற திட்டு, ஓரிடத்தில் கறுப்பும் ஓரிடத்தில் பழுப்புமாக நிறம் கலைந்த திட்டு, 7 மில்லிமீட்டரைத் தாண்டியது. இதில் ஜப்பானின் தோஷியாகி சைதாவும் அவருடைய குழுவினரும் கண்ட ஓர் உண்மை மிக அழகானது. உள்ளங்காலில் கைரேகை போலவே மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. தோலை உருப்பெருக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வழியே பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறமி பள்ளங்களில் ஓடும். மெலனோமாவின் நிறமி மேடுகளில் ஓடும். மேட்டில்தான் வியர்வைத் துளைகள் இருக்கும் என்பதால் எது மேடு என்று மருத்துவர் அடையாளம் கண்டுகொள்வார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியில், கத்தி வைக்காமல், சில நிமிடங்களில் இதைப் பார்த்துவிடலாம்.

நகத்தில் வருவது கறுப்புக் கோடாகத் தொடங்கும். இதிலும் பதற வேண்டாம். நம்மில் பலருக்கு வயது ஏற ஏறப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் வருவது இயல்பு. ஒரே ஒரு விரலில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்குப் பிறகு புதிதாக ஒரு கோடு தோன்றி மாதத்துக்கு மாதம் அகலமானால் காட்ட வேண்டும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், நகம் பிளந்தாலும், கறுப்பு நகத்தை விட்டு வெளியேறி நகக்கண் தோலில் படர்ந்தாலும் உடனே காட்ட வேண்டும். இந்தக் கடைசி அடையாளத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். அடிபட்டு ரத்தம் கட்டிய நகம் வேறு மாதிரி. நகம் வளர வளர அந்தக் கறை முன்னால் நகர்ந்து, அடியில் தெளிந்த நகம் முளைக்கும். கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு ஆகும். மாதாமாதம் கைபேசியில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் கறை நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

சில ஏக்ரல் மெலனோமாக்களில் கறுப்பே இருக்காது. சிவந்த சதை போலவோ, ஆறாத வெடிப்பு போலவோ இருக்கும். இங்கேதான் நம் ஊரில் பெரிய ஆபத்து. காலாணி என்று பிளாஸ்திரி ஒட்டுவார்கள், மரு என்று சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பார்கள், பிளேடால் சீவுவார்கள். சர்க்கரை நோயாளி என்றால் மருத்துவரே சர்க்கரைப் புண் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி என்று ஆகிவிட்ட தமிழ்நாட்டில் இது நினைக்கவே கவலையாக இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் முறையாகக் கட்டுப் போட்டும், சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தும், கால் புண் சுருங்கவில்லை என்றால் ஒரு துண்டு சதையெடுத்துச் சோதிக்கும்படி நோயாளியே கேட்கலாம், கேட்க வேண்டும். அமெரிக்காவில் மெலனோமா வந்த வெள்ளையரில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஐந்தாண்டுகள் உயிரோடு இருக்கிறார்கள். கறுப்பினத்தவரில் சுமார் 70 விழுக்காடுதான். நோய் தாமதமாகத் தெரியவருவது இதற்கு ஒரு பெரிய காரணம்.

கைபேசியில் மச்சத்தைப் படமெடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றை நம்பி இருக்க வேண்டாம். இத்தகைய மென்பொருள்களைப் பழக்கப் பயன்படும் பொதுப் படத்தொகுப்புகளை 2021இல் ஆராய்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் தோல் வகை குறிக்கப்பட்டிருந்தவை 2,436 மட்டுமே. அவற்றில் பழுப்புத் தோல் 10, கரும்பழுப்பு அல்லது கறுப்புத் தோல் 1. நம் உள்ளங்காலைப் பார்த்தே இராத இயந்திரம் அதைப் பற்றிச் சொல்வதில் பொருளில்லை.

நம்மிடம் கூடுதலாக வரும் இன்னொரு வகை ஸ்குவாமஸ் செல் புற்று. இதுவும் பெரும்பாலும் வெயிலைத் தேடி வருவதில்லை, நாள்பட்ட காயத்தைத் தேடி வருகிறது. ஜான் நிக்கோலா மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1828இல் தழும்பில் உண்டாகும் புண்களை விவரித்தார். அவர் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். குழந்தையாக இருந்தபோது கொதிக்கும் கஞ்சியிலோ குழம்பிலோ விழுந்தது, இளவயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது என்று எப்போதோ நடந்த தீக்காயம் தோல் ஒட்டாமல் தானாகவே ஆறி, இழுத்துப் பிடித்த தழும்பாக நின்றிருக்கும். மூட்டு மடங்கும் இடத்தில் அது அடிக்கடி வெடித்து ஆறும். சராசரியாக 30 ஆண்டுகள் கழித்து அந்த வெடிப்பு ஆறாமல் நின்றுவிடும். ஓரம் தடித்து உருளும், நாற்றம் வரும், தொட்டால் ரத்தம் கசியும். தொழுநோயில் உணர்விழந்த பாதத்தில் வருஷக்கணக்காக இருக்கும் புண்ணிலும், எலும்புவரை சீழ் வைத்த துளையிலும் இதுவே நிகழலாம். வெயிலால் வரும் ஸ்குவாமஸ் புற்றைவிட இது வேகமாகப் பரவுகிறது. ஆழமான தீக்காயத்துக்கு ஆரம்பத்திலேயே தோல் ஒட்டு அறுவை செய்துவிட்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அந்த அறுவை அழகுக்காகச் செய்வது என்று எண்ணி வேண்டாம் என்று வந்துவிடுகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடுத்துவதும் குளிர்காய்வதும்கூடத் தோலில் இப்படித் தடம் பதிக்கும். காஷ்மீரில் குளிர்காலத்தில் மேலங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அதன் சூடு படுகிற தொடையிலும் வயிற்றிலும் வருகிற புற்றை 1866இல் எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் எழுதினார். 1945இல் பம்பாயின் மருத்துவர் கனோல்கர், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றை விவரித்தார். புடவைக்குள் கட்டும் பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் பெண்களுக்கு வந்ததையும் பின்னர் பலர் எழுதியிருக்கிறார்கள். இது மிக மிக அரிது. புடவை கட்டுவதை யாரும் விட வேண்டாம். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம். இடுப்பில் கறுத்துத் தடித்த வளையத்தில் மாதக்கணக்காக ஒரு புண் ஆறாமல் இருந்தால் மட்டும் காட்டிவிடுங்கள். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்து, உள்ளங்கை உள்ளங்கால்களில் காய்த்துப் போய்ப் புற்றாக மாறிய துயரம் தனியாக எழுத வேண்டியது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பது பயாப்சி. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் நம் மக்களிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. சதைத் துண்டு எடுத்துச் சோதித்ததால் தோல் புற்று பரவியது என்பதற்கு ஆதாரம் கிடையாது. முற்றிய நிலையில் வந்து, பயாப்சி செய்து, சில மாதங்களில் இறந்துபோனவர்களைப் பார்த்தவர்கள் கத்தியின் மேல் பழி போட்டார்கள். உண்மையில் அப்போதே அது பரவியிருந்தது. பயாப்சி அறிக்கையில் புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கும். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் கண்ட அளவு அது. மெலனோமாவில் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்வதில் இதைவிட நல்ல எண் அரிது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டியெடுப்பதோடு பெரும்பாலும் சிகிச்சை முடிந்துவிடும். அதற்கும் ஆழமாகப் போனால் இரண்டு சென்டிமீட்டர் வரை வெட்டுவது, தொடையிடுக்கில் நிணநீர்க் கணுவைச் சோதிப்பது என்று வேலை கூடும். எங்கும் பரவிவிட்டால் எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிடும் புதிய மருந்துகள் இருக்கின்றன. அந்த வழியைத் திறந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தாசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவை வெயிலால் வந்த மெலனோமாவில் நன்றாக வேலை செய்கின்றன. அதில் மரபணுப் பிழைகள் ஏராளம் என்பதால் எதிர்ப்பாற்றல் அதை எளிதில் அடையாளம் காண்கிறது. பிழைகள் குறைந்த ஏக்ரல் வகையில் பலன் குறைவு, செலவோ லட்சக்கணக்கில்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். எங்கே செய்துகொண்டாலும், உடம்பிலிருந்து மருவோ மச்சமோ காலாணியோ எதை வெட்டியெடுத்தாலும், எடுத்த துண்டை நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அழகு நிலையங்களில் கறுப்பு மச்சத்தை மின்சூட்டிலோ லேசரிலோ எரித்து நீக்குகிறார்கள். அப்படி எரித்துவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது.